பீரோவில் பூட்டி வைத்த ஒயின்

கப்பல் வேலைக்குப் போனவர் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்த ஒயின் பாட்டிலை, மகள் கல்யாணத்துக்கு ஆகும் என்று பீரோவில் பூட்டி வைக்கும் வீடுகள் தூத்துக்குடி மாவட்டத்தின் பெரியதாழை, மணப்பாடு பக்கம் உண்டு. ஒயின் பழசாகப் பழசாகத்தான் ருசி என்ற நம்பிக்கை வேறு. எல்லா ஒயினுக்கும் அது பொருந்தாது. உலகத்தில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுக்குள் குடித்துத் தீர்க்கச் செய்ததுதான். திறக்காத வெள்ளை ஒயின் சுமார் 2 ஆண்டு, சாதாரண சிவப்பு ஒயின் 3 ஆண்டு தாங்கும். அட்டைப்பெட்டியில் வருவது ஓராண்டுகூடத் தாங்காது. பத்து இருபது ஆண்டு முதிர்பவை தனி ரகம், தனி விலை.

அந்தக் கணக்கும் 12, 13 டிகிரி குளிர்ச்சியில் வைத்தால்தான். நம் கடற்கரையில் சித்திரை, வைகாசியில் பீரோவுக்குள் 35 டிகிரி சாதாரணம். சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கை வெளியே தள்ளும்; இரவில் சுருங்கும்போது காற்றை உள்ளே இழுக்கும். கார்க் மேலே எழும்பியிருந்தாலோ, கழுத்தில் ஒயின் வடிந்த பிசுக்கு இருந்தாலோ அந்த பாட்டிலின் கதை முடிந்தது என்று கொள்ளுங்கள். நிறம் பழுப்பாகி, வேகவைத்த பழம் போலவோ காடி போலவோ வாடை அடிக்கும். கெட்டுப்போனதால் பெரும்பாலும் உடம்புக்குத் தனிக் கேடில்லை, வாயில்தான் வைக்க முடியாது.

ஐஸ் போடாத, நன்றாகக் கழுவிய தெர்மாகோல் மீன்பெட்டி சூட்டைத் தடுக்கக் கைகொடுக்கும். கார்க் போட்ட பாட்டிலை அதில் படுக்க வைத்து, வெயில் படாத உள்ளறையில் தரையோடு வைத்துவிடுங்கள். திருகு மூடி என்றால் நிமிர்த்தியே வைக்கலாம். சில மாதங்களுக்கு ஃபிரிட்ஜ் போதும். திறந்துவிட்டால் ஃபிரிட்ஜிலும் 3 முதல் 5 நாள்தான்.

கோயில் பூசைக்குப் பயன்படும் ஒயினும் கெட்டுப்போகாததாக இருக்க வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமே (பிரிவு 924) சொல்கிறது. அந்தப் பூசை ஒயினுக்கு அரசும் தனி விதிகள் வைத்து அனுமதி தருகிறது. வீட்டில் கிறிஸ்துமஸுக்குப் போடும் ஒயினுக்கு அந்தச் சலுகை கிடையாது. உரிமம் இல்லாமல் காய்ச்சுவதும் நொதிக்க வைப்பதும் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ன்படி குற்றம். நொதிப்பு அடங்குமுன் இறுக்கி மூடிய ஜாடி வெடித்துக் கண்ணாடி சிதறும் ஆபத்தும் உண்டு. முத்திரை இல்லாத பாட்டிலை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. குடித்தபின் பார்வை மங்கினால் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.

ஒயின் லேபிளில் காலாவதித் தேதி தேடிப் பயனில்லை. ஒயினுக்குச் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. பெரிய எழுத்தில் உள்ள ஆண்டு, திராட்சை பறித்த ஆண்டு. வெள்ளை ஒயினில் அது நாலைந்து வருடம் பின்னால் இருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சல்பைட் உள்ளது என்ற எச்சரிக்கையை ஆஸ்துமாக்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். அளவோடு குடித்தால் நல்லது என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது.

காசு கொடுத்து வாங்கியது கசிந்தோ கெட்டோ இருந்தால் பில்லையும் பாட்டிலையும் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் சொல்லுங்கள். தீரவில்லை என்றால் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது.