பட்டம் வாங்கிய பிள்ளை மிசி வேலைக்குப் போகிறேன் என்றால்...

தோட்டத்துப் பெற்றோர்களுக்கு ஒரு கேள்வி. விடியற்காலையில் பால் வெட்டியும், செம்பனைக் குலை சுமந்தும், கூட்டுப் பணம் எடுத்தும், நகையை அடகுக் கடையில் வைத்தும் மகளைப் பட்டதாரியாக்கி விட்டீர்கள். கறுப்பு அங்கியோடு அவள் எடுத்துக்கொண்ட படம் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. இரண்டு மூன்று ஆண்டுகள் ஏதோ ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்த பின் ஒருநாள் வந்து, "அப்பா, நான் மிசி வேலைக்குப் படிக்கப் போறேன்" என்கிறாள். என்ன சொல்வீர்கள்?

"அதுக்கா உன்ன இவ்வளவு படிக்க வச்சேன்?" என்பதே பெரும்பாலான வீடுகளில் முதல் பேச்சாக இருக்கும். தாயாருக்கு வேறு கவலை. "ராத்திரி வேலைக்குப் போற பொண்ண யாரு கட்டுவாங்க?" என்பார். இந்தக் கேள்விகளைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டியதில்லை. வியர்வை சிந்திச் சம்பாதித்த காசு அது. அது எங்கே போயிற்று என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஆனால் கேள்வியைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தி விடாமல், கணக்கையும் கொஞ்சம் பார்க்கலாம் அல்லவா?

தோட்ட மக்களுக்கு மருத்துவ உதவி என்றால் பல்லாண்டுக் காலம் டிரெஸ்ஸர் ஐயாதான். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதும், வெட்டுக் காயத்துக்குக் கட்டுப் போடுவதும் அவரே. தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-இல் ஒரு சட்டம் வந்தது. இன்று தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம் மக்களில் பெரும்பாலோர் பட்டணத்து அடுக்கு வீடுகளுக்குக் குடி பெயர்ந்து விட்டார்கள். டிரெஸ்ஸர் ஐயாவிடம் சொன்ன நோயை இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் முகம் தெரியாதவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. "நெஞ்சு கரிக்குது", "கால் மதமதன்னு இருக்குது", "கிறுகிறுன்னு வருது" என்று ஒரு பாட்டி சொல்வதை மலாயில் எப்படிச் சொல்வது? இனிப்புநீர் நோயால் கால் மரத்துப் போன ஒருவருக்குச் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்று புரியும்படி எடுத்துச் சொல்ல, தமிழ் தெரிந்த தாதி ஒருவர் வார்டில் இருந்தால் போதும்.

வேறு படிப்பிலிருந்து தாதிமைக்கு வந்தவர்கள் புதிதல்ல. இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ் ஆக்ஸ்போர்டில் தத்துவம், அரசியல், பொருளாதாரம் படித்துக் கொண்டிருந்தவர். போர் வந்ததும் 1940-இல் படிப்பைப் பாதியில் விட்டுத் தாதிப் பயிற்சிக்குப் போனார். முதுகு வலி அவரை அந்த வேலையில் நிலைக்க விடவில்லை. மீண்டும் ஆக்ஸ்போர்டு போய்ப் பட்டத்தை முடித்தார். மருத்துவமனை சமூக நல அலுவலரானார். 1957-இல் டாக்டராகவும் ஆனார். தீராத நோயாளிகள் வலியின்றிக் கடைசி நாட்களைக் கழிக்க 1967-இல் லண்டனில் அவர் திறந்த இல்லம் உலகத்துக்கே முன்மாதிரியாயிற்று. எந்தப் படிப்பு எங்கே உதவும் என்று அவருக்கே முன்கூட்டித் தெரிந்திருக்காது.

சரி, மலேசியாவில் வழி என்ன? இங்கே முன்பே பட்டம் பெற்றவர்களுக்கென்று குறுக்கு வழி பெரும்பாலும் இல்லை. டிப்ளோமா என்றால் மூன்று ஆண்டு, பட்டம் என்றால் நான்கு ஆண்டு, எல்லாரையும் போல முதலிலிருந்து தொடங்க வேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே இருபத்தாறு வயதில் உட்கார்ந்து எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டும். படித்து முடித்தாலும் தாதியர் வாரியத் தேர்வில் தேறி, 1950-ஆம் ஆண்டின் தாதியர் சட்டப்படி பதிவு செய்தால்தான் தாதி. அதன் பிறகும் ஆண்டுதோறும் பணி உரிமச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும்.

இப்போது பணக் கணக்கு. படிப்புக் கட்டணத்தைப் பற்றி எல்லாரும் விசாரிப்பார்கள். படிக்கும் காலத்தில் வராமல் போகும் சம்பளத்தை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதையே வைத்துக் கொண்டாலும் மூன்று ஆண்டுக்கு 61,200 வெள்ளி கைக்கு வராது. முதல் பட்டத்துக்கு வாங்கிய பி.டி.பி.டி.என். கடன் பாக்கி இருந்தால் அதுவும் தலைக்கு மேல் நிற்கும். வீட்டுச் செலவில் இவள் சம்பளமும் ஒரு பங்கு என்றால், அப்பாவும் அம்மாவும் தம்பியும் உட்கார்ந்து பேசாமல் முடிவு செய்யக் கூடாத விஷயம் இது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2010-ஆம் ஆண்டை ஒட்டித் தனியார் தாதியர் கல்லூரிகள் மழைக்காலத்துக் காளான் போல முளைத்தன. கடன் வாங்கிப் படித்து முடித்த பலர் வேலையின்றி நின்றார்கள். சேர்க்கைத் தகுதியைக் கூட்ட வேண்டிய நிலை அரசுக்கு வந்தது. இன்று காற்று திசை மாறி, தாதியர் போதவில்லை என்ற பேச்சே எங்கும் கேட்கிறது. இருந்தாலும் பளபளப்பான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அந்தப் படிப்புக்குத் தாதியர் வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா, மாணவர்களை எந்த ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள், வாரியத் தேர்வில் எத்தனை பேர் முதல் முறையிலேயே தேறினார்கள் என்று நேரிலே போய்க் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கல்லூரி உங்களுக்கு வேண்டாம்.

சிங்கப்பூர் வாசகர்களின் நிலைமை வேறு. அங்கே நடுவயதில் தொழில் மாறுவோருக்கென்றே 2003-இல் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இரண்டே ஆண்டுகளில் நன்யாங் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடிக்கலாம். முன்பே பட்டம் பெற்றவர்கள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தாதிமைப் பட்டம் பெறவும் வழி வந்தது. கட்டணமும் கொடுத்து, மாதப் படியும் கொடுப்பார்கள். முடித்த பின் குறிப்பிட்ட காலம் வேலை செய்து தர வேண்டும். நல்ல ஏற்பாடு என்றே எனக்குப் படுகிறது. நம் நாட்டிலும் இப்படி ஒன்று இருந்தால் தோட்டத்துப் பட்டதாரிப் பிள்ளைகள் எத்தனை பேர் துணிவார்கள்!

வேலை எப்படிப்பட்டது? தலையணை சரி செய்து, இன்முகத்தோடு மாத்திரை கொடுப்பது என்று சினிமா பார்த்து நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள். புரள முடியாத நோயாளியை இரண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் முதுகிலே புண் வரும். மலம், சிறுநீர், வாந்தி, சீழ் எல்லாவற்றையும் தொட வேண்டும். தொட்டுக் கொண்டே கணக்கும் போட வேண்டும். 500 மில்லி மருந்து நீர் நான்கு மணி நேரத்தில் ஏற வேண்டும். அந்தக் குழாயில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றால், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? ஏறக்குறைய 42. தப்பாகப் போட்டால் அழித்து எழுத அது பள்ளிக்கூடத்து நோட்டு அல்ல. மருந்து கொடுக்குமுன் ஆள் சரியா, மருந்து சரியா, அளவு சரியா, நேரம் சரியா, வாயாலா ஊசியாலா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். கொடுத்ததும் எழுதி வைக்க வேண்டும்.

இங்கேதான் பழைய படிப்பு கை கொடுக்கிறது. கணக்கியல் படித்தவளுக்கு எண்களில் பயமில்லை. அலுவலகத்தில் கோபக்கார வாடிக்கையாளரைச் சமாளித்துப் பழகியவளுக்கு நோயாளியின் உறவினர் கத்தும்போது கை நடுங்காது. தமிழ் படித்தவளைப் பற்றி மேலேயே சொல்லி விட்டேன். சில ஆண்டுகள் வேலை செய்த பின் சிறுநீரகம், தீவிர சிகிச்சை, மகப்பேறு என்று சிறப்புப் பயிற்சிகளுக்குப் போகலாம். பின்னாளில் பயிற்றுநராகவோ நிர்வாகத்துக்கோ போகும்போது முதல் பட்டமும் பேசும். மகன் கேட்டாலும் இதே பதில்தான். ஆண்களுக்கும் இந்த வேலை உண்டு. கனமான நோயாளியைத் தூக்கும் நேரத்தில் அவர்களைத் தேடாத வார்டு கிடையாது.

தாயாரின் இரவு வேலைக் கவலைக்கு வருவோம். ஆஸ்பத்திரியில் காலை, மாலை, இரவு என்று மூன்று முறை. இரவு முறை உடம்பை வாட்டும். தீபாவளியன்று வேலை விழும். கைக்குழந்தை உள்ள வீட்டில் பாட்டியின் உதவி இல்லாமல் முடியாது. இதையெல்லாம் மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்காமல் முன்பே சொல்லி விடுவது நல்லது. ஆனால் விடியுமுன் இருட்டில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போன பெண்களின் பேத்திக்கு, இருட்டில் வேலைக்குப் போவது குலத்துக்கு ஆகாது என்று சொல்வது நமக்கு எப்படிப் பொருந்தும்?

வேலையை உடனே விட்டுவிட வேண்டாம். முதலில் பக்கத்தில் உள்ள முதியோர் இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மாதம் தொண்டு செய்து பார்க்கட்டும். குளிப்பாட்டவும், ஊட்டவும், துடைக்கவும் கேட்டு வாங்கிச் செய்யட்டும். அதற்குப் பிறகும் போகத்தான் வேண்டும் என்றால், பெட்டியில் கிடக்கும் எஸ்.பி.எம். சான்றிதழைத் தேடி எடுங்கள். மலாய், கணிதம், அறிவியல் மதிப்பெண்களைத்தான் கல்லூரியில் முதலில் பார்ப்பார்கள். விதிகள் அவ்வப்போது மாறுவதால், சேரும் ஆண்டில் எத்தனை கிரெடிட் வேண்டும் என்பதைத் தாதியர் வாரியத்திடமே கேட்டுக் கொள்ளுங்கள். சுவரில் தொங்கும் பட்டத்தை அன்று கொண்டு போக வேண்டியதில்லை.