முகம் ஒத்தால் மஜ்ஜை பொருந்துமா?

தலசீமியா உள்ள குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பரிந்துரைக்கப்படும்போது, அன்னவாசல், இலுப்பூர் பகுதிகளிலிருந்து வரும் பெற்றோர் கேட்பதுண்டு: “அண்ணனும் தம்பியும் உரித்து வைத்தாற்போல் இருக்கிறார்கள், இரத்த வகையும் ஒன்றே. பின் ஏன் மஜ்ஜை பொருந்தவில்லை?”

நம் உடலணுக்களில் 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வந்தவை. கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும் குன்றல் பகுப்பின்போது, இணைக் குரோமோசோம்கள் அருகருகே அமைந்து சில துண்டுகளைத் தம்முள் மாற்றிக்கொள்கின்றன. இதற்குக் குறுக்கேற்றம் என்று பெயர். பின்னர் ஒவ்வோர் இணையிலிருந்தும் ஒன்று மட்டுமே பிள்ளைக்குச் செல்கிறது. எனவே, ஒரே பெற்றோரின் பிள்ளைகள் வெவ்வேறு கலவையில் மரபணுக்களைப் பெறுகின்றனர்.

மஜ்ஜைப் பொருத்தத்தை முடிவு செய்பவை எச்.எல்.ஏ. மரபணுக்கள். இவை 6ஆம் குரோமோசோமில் நெருக்கமாக அமைந்திருப்பதால், இவற்றினிடையே குறுக்கேற்றம் நிகழ்வது அரிது. ஏறக்குறைய 100இல் 1 முறைதான். பெரும்பாலும் முழுத் தொகுப்பாகவே பிள்ளைக்குச் செல்கின்றன. தாயிடம் இரண்டு தொகுப்புகள், தந்தையிடம் இரண்டு. ஆகவே உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு 4இல் 1. இவ்வாய்ப்பு ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியானது.

இரத்த வகையை முடிவு செய்யும் மரபணுவோ 9ஆம் குரோமோசோமில் உள்ளது. முகச்சாயலுக்குரிய மரபணுக்கள் பல குரோமோசோம்களில் பரவிக் கிடக்கின்றன. அதனால் இரத்த வகை வேறான தங்கை பொருந்தலாம். அச்சு அசலாக இருக்கும் அண்ணன் பொருந்தாமலும் போகலாம். இரத்த வகை வேறுபாடு சிகிச்சைக்குத் தடையன்று. தலசீமியா மரபணு ஒன்றை மட்டும் தாங்கி, நோயின்றி வாழும் உடன்பிறந்தவரும் கொடையளிக்கலாம். எனவே யாரையும் நீங்களே விலக்கிவிடாமல், உடன்பிறந்த அனைவரையும் சோதனைக்கு அழைத்து வாருங்கள். சிறிதளவு இரத்தமே போதும்.

எவரும் பொருந்தாவிடினும் வழி அடைபடுவதில்லை. சென்னையில் 2009இல் தொடங்கப்பட்ட ‘தாத்ரி’ போன்ற கொடையாளர் பதிவகங்களில் தேடலாம். பாதி பொருந்தும் பெற்றோரின் குருத்தணுக்களைப் பயன்படுத்தும் முறையும் உண்டு. தமிழகத்திற்கு இச்சிகிச்சை புதியதன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதலே நடைபெற்று வருகிறது.

பொருந்தாத பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். தாயையோ தந்தையையோ பழிக்கவும் வேண்டாம். இக்கலப்பில் எவருடைய விருப்பத்திற்கும் இடமில்லை.