உஸ்லத்: சிதறிய கவனத்தை மீட்கும் வழி

காலத்தை அளப்பதற்கு மனிதன் முதன்முதலில் துணைக்கு அழைத்தது நிழலைத்தான். வேலூரிலிருந்து ஆம்பூர் செல்லும் வழியில், பாலாற்றங்கரையில் அமைந்த விரிஞ்சிபுரத்தின் மார்க்கபந்தீசுவரர் ஆலயத்தில் காலங்காட்டும் கல்லொன்று உள்ளது. அரைவட்டமாகச் செதுக்கி எண்கள் பொறிக்கப்பட்ட அக்கல்லின் பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால், நிழல் விழுமிடம் நேரத்தைச் சொல்லும். இதே நிழற்கணக்கைக் கொண்டுதான் நம் முன்னோர் ளுஹர், அஸர் தொழுகைகளின் நேரங்களை வரையறுத்தனர். டமாஸ்கஸ் நகரின் உமையாப் பள்ளிவாசலுக்கென வானியலறிஞர் இப்னு ஷாத்திர் 14ஆம் நூற்றாண்டில் அமைத்த சூரியக் கடிகாரம் அக்கலையின் உச்சங்களில் ஒன்றாகும்.

இன்று நேரத்தை அறிவதில் நமக்கு எந்த இடர்ப்பாடும் இல்லை. கையிலுள்ள கைபேசி நொடி பிசகாமல் காட்டுகிறது. நேரம் காட்டும் அதே கருவி, அந்நேரத்தை நிரப்ப வேண்டிய கவனத்தைக் கரைத்துவிடுகிறது என்பதே நம் காலத்தின் இடர்ப்பாடு. வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தும் லத்தீஃபிய்யாவும், உமராபாத்தில் 1924இல் நிறுவப்பட்ட ஜாமிஆ தாருஸ்ஸலாமும், வாணியம்பாடியில் 1919இல் தொடங்கிய இஸ்லாமியாக் கல்லூரியும் ஒளிவீசும் இந்த வட்டாரத்திலிருந்து ஆண்டுதோறும் ஆலிம்களும் பட்டதாரிகளும் வெளிவருகின்றனர். அவர்களுள் ஒரு நூலை எழுத வேண்டும், ஒரு கிதாபைத் தமிழாக்க வேண்டும், ஒரு கவிதைத் தொகுதியை நிறைவு செய்ய வேண்டும் என்று எண்ணாதோர் குறைவு. எண்ணியதை எண்ணியபடி முடிப்போரும் குறைவுதான். அறிவிலோ ஆர்வத்திலோ அவர்களுக்குக் குறைவில்லை. ஒரு பொருளில் தொடர்ந்து அமர்ந்திருக்கும் ஆற்றல் நாளுக்கு நாள் அரிக்கப்படுகிறது. சமூக ஊடகங்களிலிருந்து சில காலம் விலகியிருத்தல் என்னும் பேச்சு உலகெங்கும் எழுந்துள்ள இந்நாளில், அதன் பொருளையும் அளவையும் நம் மரபின் துணைகொண்டு ஆராய்வது பயனுடையதாகும்.

கவனம் சிதறும் விதம்

செய்தி பெருகப் பெருக, அச்செய்தி உண்டு தீர்க்கும் பொருளாகிய கவனம் வறுமையுறும் என்று பொருளியல் அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். அவ்வறுமையை விளைவிக்கும் நுட்பங்கள் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பக்கத்துக்கு முடிவே இல்லாமல் உருட்டிக்கொண்டே செல்லும் அமைப்பு 2006இல் வடிவமைக்கப்பட்டது. ஃபேஸ்புக்கின் 'லைக்' பொத்தான் 2009இல் அறிமுகமானது. எப்போது பரிசு கிடைக்கும் என்று தெரியாத நிலையில்தான் உயிரினம் ஒரு செயலை விடாமல் திரும்பத் திரும்பச் செய்யும் என்பது உளவியலாளர் ஸ்கின்னரின் ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டிய உண்மை. அடுத்த உருட்டலில் ஒரு நல்ல செய்தி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்ற அந்த நிச்சயமின்மையே நம் விரலை ஓயவிடாமல் இயக்குகிறது.

இதனால் இழப்பது நிமிடங்கள் மட்டுமே என்று கருதுவோர் உளர். ஒரு வேலையை முடிக்காமல் வேறொன்றுக்குத் தாவும்போது மனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதைச் சோஃபி லெராய் என்னும் ஆய்வாளர் 2009இல் எடுத்துக்காட்டி, அதனைக் 'கவன எச்சம்' என்று பெயரிட்டார். இரண்டு நிமிடம் செய்தி பார்த்துவிட்டு எழுத்துக்குத் திரும்புகிறவர் முழுமையாகத் திரும்புவதில்லை. கண் தாளில் இருக்கும். உள்ளம் எவரோ எழுதிய மறுமொழியோடு வாதாடிக்கொண்டிருக்கும்.

படைப்பு மனத்துக்கு இன்னொரு கேடும் உண்டு. 1926இல் வெளிவந்த நூலொன்றில் கிரஹாம் வாலஸ், புதுச் சிந்தனை பிறப்பதற்கு நான்கு படிகளை வகுத்தார்: ஆயத்தம், அடைகாத்தல், ஒளிர்தல், சரிபார்த்தல். இவற்றுள் இரண்டாவது படி வெறுமையான பொழுதுகளில் நிகழ்வது. பேருந்துக்குக் காத்திருக்கும்போதும், தொழுகை முடிந்து தூணில் சாய்ந்திருக்கும்போதும், உறக்கம் வருமுன் கூரையைப் பார்த்திருக்கும்போதும் மனம் தனக்குள் பொருள்களை இணைத்துப் பார்க்கிறது. அந்த வெறுமைப் பொழுதுகள் அனைத்தையும் இன்று திரை நிரப்பிவிட்டது. அடைகாக்க இடமில்லாத கூட்டில் குஞ்சு பொரிப்பதில்லை.

தோற்குழி தரும் விளக்கம்

இந்த வட்டாரத்தில் பிறந்தோர் எளிதில் உணரக்கூடிய ஓர் உவமை உண்டு. குரோமியம் வருவதற்கு முன்னர், ஆவாரம்பட்டை ஊறிய குழிகளில்தான் இங்கே தோல் பதனிடப்பட்டது. முதலில் செறிவு குறைந்த சாற்றிலும், பின்னர் படிப்படியாகச் செறிவு கூடிய சாற்றிலும் தோலை மாற்றி மாற்றி ஊறவைப்பர். வாரக்கணக்கில் ஊறிய பின் கடுக்காய்ச் சாற்றில் முடிப்பர். அவசரப்பட்டு முதல் நாளே செறிவான சாற்றில் இட்டால் என்ன ஆகும்? தோலின் மேற்பரப்பு உடனே பதமாகி இறுகிவிடும். அந்த இறுக்கமே சாறு உள்ளே இறங்க விடாமல் தடுக்கும். மேலே பதம், நடுவில் பச்சை. பார்வைக்குத் தோல் முடிந்ததுபோல் இருக்கும். பயன்படுத்தினால் உண்மை தெரியும்.

ஒரு நாளில் நூறு செறிவான கருத்துகளை விழுங்கும் மனத்தின் நிலையும் இதுவே. எல்லாவற்றையும் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல முடிகிறது. எதைப் பற்றியும் ஓர் அத்தியாயம் எழுத முடிவதில்லை.

கஸ்ஸாலியின் விலகல்

விலகியிருத்தலை நம் மரபு 'உஸ்லத்' என்றும் 'கல்வத்' என்றும் குறிக்கிறது. நபித்துவத்துக்கு முன் பெருமானார் (ஸல்) அவர்கள் ஹிராக் குகையில் தங்கியதும், உணவு தீர்ந்தபோது அன்னை கதீஜா (ரலி) அவர்களிடம் வந்து மீண்டும் எடுத்துச் சென்றதும் நாம் அறிந்தவை. அவ்வழியில் வந்த அறிஞர்களுள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வரலாறு நம் காலத்துக்கு மிகவும் நெருக்கமானது.

பக்தாதின் நிஜாமிய்யாக் கல்விக்கூடத்தில் தலைமைப் பேராசிரியராக, முந்நூறு மாணவர்கள் சூழ, புகழின் உச்சியில் இருந்தார் அவர். அப்போது தம் போதனையின் நோக்கத்தை ஆராய்ந்தபோது, இறைவனுக்காகச் செய்வதைவிடப் பெயருக்கும் புகழுக்குமாகச் செய்வதே மிகுதி என்று கண்டதாகத் தம் தன்வரலாற்று நூலில் ஒளிவுமறைவின்றி எழுதியுள்ளார். விலகவும் முடியாமல், நீடிக்கவும் முடியாமல் ஏறத்தாழ ஆறு மாதங்கள் தவித்தார். இறுதியில் நாவே எழாமற்போய்ப் பாடம் நடத்த இயலாத நிலை வந்தது. ஹிஜ்ரி 488இல், அதாவது 1095இல், குடும்பத்துக்குத் தேவையானதை ஒதுக்கிவைத்துவிட்டு, எஞ்சிய செல்வத்தைப் பகிர்ந்தளித்துவிட்டு வெளியேறினார். டமாஸ்கஸ் பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பகல் முழுவதும் தனித்திருந்தார். பின்னர் ஜெருசலத்துக்கும் ஹஜ்ஜுக்கும் சென்றார். அவரது பெருநூலான 'இஹ்யா உலூமித்தீன்' இந்த விலகலின் கனியாகும். பத்தாண்டுகளுக்குப் பின் 1106இல் நிஷாப்பூரில் மீண்டும் போதிக்க அமர்ந்தார்.

புகழை எண்ணிப் பார்க்கும் மனமே அவரது நாவைக் கட்டியது என்பதை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். எத்தனை பேர் பார்த்தனர், எத்தனை பேர் விரும்பினர் என்ற எண்ணிக்கை எழுத்தின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் நம் நாளில், 'ரியா' என்னும் நோய்க்கு அளவுகோலும் வாய்த்துவிட்டது.

அதே இஹ்யாவில் உஸ்லத்தின் ஒழுங்குகளுக்கென்றே தனி நூற்பகுதி ஒன்று உண்டு. அதில் இமாம் அவர்கள் தனிமையின் பயன்களாக ஆறினையும், மக்களோடு கலந்து வாழ்வதன் பயன்களாக ஏழினையும் வரிசைப்படுத்துகிறார். வணக்கத்துக்கும் சிந்தனைக்கும் ஓய்வு, புறம்பேசுதலிலிருந்தும் முகத்துதியிலிருந்தும் விடுதலை, வீண் சச்சரவிலிருந்து காப்பு ஆகியவை தனிமையின் பக்கம். கற்றல், கற்பித்தல், பிறருக்கு உதவுதல், பணிவு, அனுபவம் ஆகியவை கலந்து வாழ்தலின் பக்கம். எது சிறந்தது என்பதற்குப் பொதுவான ஒரே தீர்ப்பை அவர் வழங்கவில்லை. ஆளையும் நிலையையும் நோக்கத்தையும் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும் என்கிறார்.

கோட்டையில் பிறந்த நூல்

இப்னு கல்தூனின் விலகல் வேறு வகையானது. 1332இல் தூனிஸில் பிறந்த அவர், ஃபாஸ், கிரனாடா முதலிய அரசவைகளில் பதவிகளும் சூழ்ச்சிகளும் சிறையும் கண்டவர். 1375இல் இன்றைய அல்ஜீரியாவிலுள்ள கல்அத் இப்னு ஸலாமா என்னும் கோட்டையில் ஒரு குலத்தாரின் பாதுகாப்பில் குடும்பத்தோடு தங்கினார். ஏறத்தாழ நான்காண்டு நீடித்த அந்த ஒதுக்கத்தில், 1377இல் ஐந்தே மாதங்களில் 'முகத்திமா'வின் முதல் வடிவத்தை எழுதி முடித்தார். ஐந்து மாதத்தில் முடிந்ததற்கு அதற்கு முந்தைய இருபதாண்டு அனுபவம் காரணம். அவ்வனுபவம் நூலாக உருப்பெற்றதற்கு அந்தக் கோட்டையின் அமைதி காரணம். இரண்டில் ஒன்று இல்லையேனும் முகத்திமா இல்லை.

அதன்பின் அவர் அங்கேயே இருந்துவிடவில்லை. வரலாற்றை விரித்தெழுத நூலகங்கள் தேவைப்பட்டமையால் 1378இல் தூனிஸுக்குத் திரும்பினார். விலகல் ஒரு கட்டம். மீளல் அடுத்த கட்டம்.

நம் மண்ணிலும் நீடித்த கவனத்துக்குச் சான்று உண்டு. வேலூர் பாக்கியாத்தில் பயின்ற மௌலானா ஆ.கா. அப்துல் ஹமீத் பாகவி (ரஹ்) அவர்களின் குர்ஆன் தமிழாக்கத்தின் முதற்பகுதி 1929இல் வெளிவந்தது. முழுமையான பதிப்பு 1949இல் வந்தது. இடைப்பட்டவை இருபது ஆண்டுகள். அன்றாடம் எழும் சர்ச்சை ஒவ்வொன்றுக்கும் அன்றே மறுமொழி சொல்லும் பழக்கத்தோடு இத்தகைய பணியை ஒருவர் சுமக்க முடியுமா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சோதனைகள் சொல்வது என்ன?

2018ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேர்தலையொட்டி, பொருளியலாளர் சிலர் தன்னார்வலர்களை நான்கு வாரம் ஃபேஸ்புக்கிலிருந்து விலகியிருக்கச் செய்து ஆராய்ந்தனர். 2020இல் வெளியான முடிவுகளின்படி, அவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிச்சமாயிற்று. மனநிறைவு சிறிதளவு உயர்ந்தது. அதே வேளையில் நாட்டு நடப்புப் பற்றிய அறிவு குறைந்தது. சோதனை முடிந்த பின்னரும் அவர்கள் முன்னைவிடக் குறைவாகவே அத்தளத்தைப் பயன்படுத்தினர். 2025இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் 467 பேர் பங்கேற்றனர். கைபேசியில் பேச்சும் குறுஞ்செய்தியும் இருக்க, இணையத்தை மட்டும் இரண்டு வாரம் தடைசெய்தபோது ஒன்றில் நிலைத்து நிற்கும் கவனம் மேம்பட்டது. படைப்பாற்றலை இவை நேரடியாக அளக்கவில்லை. படைப்புக்கு அடிநிலமான கவனம் மீளக்கூடியது என்பதை மட்டும் இவை காட்டுகின்றன. அதுவே பெரும் ஆறுதல்.

இஃதிகாஃப் கற்பிக்கும் ஒழுங்கு

விலகலை எப்படி அமைப்பது என்பதற்கு ரமளானின் இறுதிப் பத்தில் நோற்கும் இஃதிகாஃபே சிறந்த மாதிரி. அதற்கு நிய்யத் உண்டு. எதற்காக விலகுகிறோம் என்பது முதலிலேயே தெளிவாகிவிடுகிறது. அதற்கு எல்லை உண்டு. தொடக்கமும் முடிவும் அறிந்து அமர்கிறோம். அதற்கு இடம் உண்டு. தவிர்க்க முடியாத தேவைக்கு வெளியே செல்ல அனுமதி உண்டு. விட்டதன் இடத்தில் ஓதலும் தியானமும் வைக்கப்படுகின்றன. வெறுமை அப்படியே விடப்படுவதில்லை. இவ்வைந்தும் இல்லாத விலகல் மூன்றாம் நாளே முறிந்துவிடுவதில் வியப்பில்லை.

எழுத விழைவோர் இதனை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இன்ன அத்தியாயத்தை முடிப்பதற்காக என்று நோக்கத்தை வரையறுக்கட்டும். பத்து நாளோ நாற்பது நாளோ, எல்லையை வீட்டாரிடமும் நண்பரிடமும் முன்கூட்டியே தெரிவிக்கட்டும். ஃபஜ்ருக்குப் பிந்தைய பொழுதை எழுத்துக்கென ஒதுக்கி, கைபேசியை வேறோர் அறையில் வைக்கட்டும். விட்ட நேரத்தில் படிக்க வேண்டிய நூலை முதல் நாளே மேசைமீது வைக்கட்டும்.

தோல் ஏற்றுமதியின் கொள்முதல் உத்தரவுகளும், வளைகுடாவிலுள்ள மகனின் அழைப்பும், மஹல்லாவின் மரண அறிவிப்பும் ஒரே வாட்ஸ்அப்பில் வரும்போது முற்றாக விலகுவது எவ்வாறு என்ற வினா நியாயமானது. இஃதிகாஃபின் அனுமதிக்கப்பட்ட வெளியேற்றமே அதற்கும் விடை. வணிகத்துக்கும் உறவுக்கும் நாளில் இரு வேளை குறித்துக்கொண்டு, ஏனைய வேளையில் அழைப்பை மட்டும் ஏற்பது போதும். உறவைத் துண்டிப்பது நோக்கமன்று. அநீதி நிகழும்போது குரல் கொடுக்க வேண்டிய கடமையும் விலகலால் நீங்கிவிடாது. ஆயினும் நாள்தோறும் கொடுக்கும் நூறு குரல்களைவிட, ஆராய்ந்தெழுதிய ஒரு நூல் அக்கடமையை நெடுங்காலம் நிறைவேற்றும்.

ஹனஃபி மத்ஹபில் ரமளான் இறுதிப் பத்தின் இஃதிகாஃப், ஓர் ஊரில் சிலரேனும் நிறைவேற்ற வேண்டிய சுன்னத்தாகும். எவருமே அமரவில்லையெனில் ஊர் முழுவதும் பொறுப்பாகும். ஆழ்ந்து எழுதுவதையும் நாம் இவ்வாறே கருத இடமுண்டு. ஓர் ஊரார் அனைவரும் நூலாசிரியராக வேண்டியதில்லை. ஆயினும் சிலர் அமர்ந்தாக வேண்டும். அவர்கள் அமரும் நாள்களில், ஏன் மறுமொழி இல்லை என்று கேளாமல் அவர்களை விட்டுவைப்பது எஞ்சிய நம் அனைவரின் பங்காகும்.