ராத்திரிக்குச் சூரியன் எங்கே?

மலை மந்திரில் கிருத்திகை தரிசனம் முடித்து மெட்ரோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். "தாத்தா, மெட்ரோ சோலார்ல ஓடுதுன்னு ஸ்கூல்ல சொன்னாங்க. இப்பதான் இருட்டிடுச்சே, எப்படி ஓடுது?" என்றான் பேரன். முப்பது வருடம் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவன் நான். ஆனாலும் சட்டென்று பதில் சொல்ல வாய் வரவில்லை. "பெரும்பாலும் நிலக்கரிலதான்டா கண்ணா" என்பதே உண்மை.

பள்ளியில் சொன்னதும் தவறில்லை. மத்தியப் பிரதேசத்தின் ரேவாவில் 750 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறது. 2017 ஏலத்தில் அதன் முதலாண்டு விலை யூனிட்டுக்கு 2 ரூபாய் 97 காசு என்று முடிவானது. 2019 ஏப்ரல் முதல் தில்லி மெட்ரோ அதனிடம் மின்சாரம் வாங்குகிறது. உற்பத்தியில் 24 விழுக்காடு மெட்ரோவின் பங்கு. இதற்கென்று தனிக் கம்பி ஏதும் கிடையாது. ஊர்க் கிளையில் கட்டிய பணத்தைத் தில்லிக் கிளையில் எடுக்கிறோம் அல்லவா, அந்த மாதிரிக் கணக்குதான்.

சிக்கல் சாயங்காலம் வருகிறது. சூரியன் இறங்கும் நேரத்தில்தான் வீடுகளில் விளக்கும் ஏ.சி.யும் ஏறுகின்றன. அப்போது கைகொடுப்பது நிலக்கரி. யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் எரிகிறது. ஒரு கிலோவுக்குச் சற்றே குறைவாகக் கரியமில வாயு வெளியேறுகிறது. என் பிள்ளைகளைப் படிக்கவைத்தது அந்தக் கரிதான். அதைத் தூற்ற எனக்கு மனம் வராது. ஆனால் அந்த வாயு வெப்பத்தைப் போர்வை போலப் பிடித்துவைக்கிறதே, அதை அனுபவிக்கப் போகிறவன் இந்தப் பேரன்.

அப்படியானால் பகல் மின்சாரத்தை ராத்திரிக்கு எடுத்துவைக்க முடியாதா? முடியும். நம் ஆனைமலையிலேயே வழி இருக்கிறது. கடம்பாறையில் 1980களின் பிற்பகுதியில் அமைந்த 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் அது. மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாறு நீரை மேலே கடம்பாறை அணைக்கு ஏற்றுவார்கள். தேவைப்படும்போது அதே நீரைக் கீழே இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். நூறு யூனிட் செலவழித்தால் எழுபத்தைந்து, எண்பது யூனிட் திரும்பும். அன்று மிச்சம் இருந்தது நள்ளிரவில். இன்று சூரியனால் நண்பகலில் மிஞ்சுகிறது. நேரம்தான் மாறியிருக்கிறது, வேலை அதேதான். லித்தியம் மின்கலங்களும் இதையே வேறு விதமாகச் செய்கின்றன. இவை பெருகாமல் நிலக்கரியை ஓய்வுக்கு அனுப்ப முடியாது.

இதில் நமக்கும் பங்குண்டு. எங்கள் குடியிருப்பு மாடியில் சூரியப் பலகைகள் வைத்திருக்கிறோம். ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரி நான்கு யூனிட் கிடைக்கிறது. ஆனால் தண்ணீர் மோட்டாரை மட்டும் பழக்கதோஷத்தில் மாலை ஏழு மணிக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். "மத்தியானம் பன்னெண்டுக்குப் போட்டா என்ன சார் குறைஞ்சிடும்?" என்று கூட்டத்தில் கேட்டேன். இரண்டு கூட்டம் வாதாடிய பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

மறுநாள் பேரனை மாடிக்கு அழைத்துப்போய்த் தளும்பி நின்ற தொட்டியைக் காட்டினேன். "ராத்திரிக்கு வேண்டிய சூரியனைக் கொஞ்சம் இதுல ஏத்தி வெச்சிருக்கோம்டா" என்றேன். எட்டிப் பார்த்துவிட்டு, "மெட்ரோவுக்கு இதைவிடப் பெரிய தொட்டி வேணுமே தாத்தா" என்றான்.

வேணும்தான்.