மிதிவெடியை மோப்பம் பிடிக்கும் பல்பகுதியம்

முகமாலையில் மண்ணைக் கிளறினால் ஷெல் துண்டுகளும் ரவைக்கோதுகளும் வரும். உலோகம் தேடும் கருவி எல்லாவற்றுக்கும் கத்தும். பி-4 மிதிவெடியிலோ உலோகம் மிகக் குறைவு. அதனால்தான் நம் பகுதிகளில் விறாண்டியால் மண்ணைச் சிறிது சிறிதாக வறண்டி எடுக்கிறார்கள்.

உலோகத்தை விட்டுவிட்டு வெடிமருந்தையே தேட முடியாதா? 1998இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் திமோதி சுவேகர் குழுவினர் அதற்கு ஒளிரும் பல்பகுதியம் ஒன்றைச் செய்தார்கள். அதன் நீண்ட சங்கிலி முழுவதும் இலத்திரன் சக்தி ஓடித்திரியும். டி.என்.டி. மூலக்கூறு ஒன்று எங்காவது ஒட்டினால் இலத்திரனைப் பறித்துக்கொள்ளும், ஒளி மங்கும். கோயில் திருவிழாவில் தொடராகக் கட்டிய மின்குமிழ்களில் ஒன்று போனால் சரமே அணைவதுபோல.

ஷிவ் மூலப் பல்பகுதியங்களும் இதே குடும்பம்தான். இரு முனையிலும் அமீன் உள்ள மூலக்கூறும் இரு முனையிலும் அல்டிகைட்டு உள்ள மூலக்கூறும் சேரும்போது நீர் கழன்று காபன்-நைதரசன் இரட்டைப் பிணைப்பு உருவாகும். உயர்தரத்தில் 2,4-டி.என்.பி. சோதனையில் செம்மஞ்சள் வீழ்படிவு கண்டவர்களுக்கு இது பழகிய தாக்கம். பலேடியம் போன்ற விலையுயர்ந்த ஊக்கி வேண்டாம். மஞ்சள் முதல் சிவப்பு வரை நிறம் வரும், அமிலம் பட்டால் மாறும். ஆனால் பல இலகுவில் கரையா. ஒளிர்வும் மந்தம், அந்தப் பிணைப்பு வாங்கிய சக்தியை அசைந்தே செலவழித்துவிடுகிறது.

'மிதிவெடி பிரச்சினைக்குத் தீர்வு' என்ற தலைப்புகளை நான் நம்புவதில்லை. புதைந்த வெடியிலிருந்து கசியும் ஆவி மிகச் சொற்பம். காய்ந்த மண் அதையும் பிடித்துக்கொள்ளும், வெளிவருவதும் வெடிக்கு நேர்மேலே வருமென்றில்லை. எந்த இடத்தில் தேடலாம் என்று காட்ட அது உதவலாம். காணியைத் திருப்பிக் கொடுக்க அது போதாது.