ட்ரம்ஸ்காரர் கிட்டார் எடுத்த கதை

மோகோ என்ற ராக் குழுவின் ஆயுள் ஒரே ஒரு மேடை. 1984 செப்டம்பர் முதல் வாரம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹர்ஸ்ட் என்ற கல்லூரி ஊரின் பொதுத் திடலில் அந்தக் கச்சேரி நடந்தது. மைக் கைக்கு வந்ததும் பாடகர் சார்லி நகாஜிமா போலீஸ்காரர்களை வறுத்தெடுக்கத் தொடங்கினார். லேசில் நிறுத்துவதாகவும் இல்லை. பேச்சே அதிகம் இல்லாத கிட்டார்காரருக்கு அது பொறுக்கவில்லை. மறுநாளே குழுவைக் கலைத்துவிட்டார். சில நாள் கழித்து பேஸ் கிட்டார் வாசித்தவரையும் ட்ரம்ஸ் வாசித்தவரையும் மட்டும் சத்தமில்லாமல் கூப்பிட்டு, நாம் மூவரும் புதிதாக ஒரு குழு தொடங்குவோம் என்றார். நகாஜிமாவுக்குத் தகவல் போகவில்லை. ஆளை நேரில் பார்த்து ‘நீ வேண்டாம்’ என்று சொல்லும் தைரியம் தனக்கு இல்லை என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

அந்தக் கிட்டார்காரர் ஜே மாஸ்கிஸ். அந்த மூவர் குழுதான் டைனோசர் ஜூனியர்.

அமெரிக்க இண்டி ராக் பற்றி எழுதுகிற யாரும் டைனோசர் ஜூனியரைத் தாண்டிப் போக முடியாது. இண்டி என்றால், பெரிய ரெக்கார்ட் கம்பெனிகளின் தயவில்லாமல் சின்னச் சின்ன லேபிள்கள் சொந்தமாக வெளியிட்டு, கல்லூரி வானொலிகள் வழியாகவும் கைப்பிரதிப் பத்திரிகைகள் வழியாகவும் ரசிகர்களிடம் போய்ச் சேர்ந்த இசை. அதில் கிட்டார் சத்தத்துக்குப் புதுக் கனம் தந்தவர்களின் பட்டியலில் மாஸ்கிஸுக்கு முன்வரிசை இடம் உண்டு. ஆனால் அவர் முதலில் கிட்டார்காரராக வரவில்லை. மோகோவுக்கு முன்பு டீப் வூண்ட் என்று ஒரு குழு இருந்தது. அதில் அவர் வாசித்தது ட்ரம்ஸ்.

டீப் வூண்ட் 1982இல் தொடங்கியது. வெஸ்ட்ஃபீல்டில் பள்ளி மாணவர்களாக இருந்த லூ பார்லோவும் ஸ்காட் ஹெலண்டும், ட்ரம்ஸ் வாசிக்க ஆள் வேண்டும், படுவேகமாக வாசிக்க வேண்டும் என்று ரெக்கார்ட் கடையில் ஒரு சீட்டு ஒட்டினார்கள். தங்களுக்குப் பிடித்த குழுக்கள் என்று பிளாக் ஃபிளாக், மைனர் த்ரெட் போன்ற பெயர்களையும் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்தவர் மாஸ்கிஸ். பல் மருத்துவரான அவருடைய அப்பாவே காரில் ட்ரம்ஸையும் பையனையும் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். பங்க் இசை என்றாலே வீட்டை எதிர்த்துக்கொண்டு கிளம்பியவர்களின் கூட்டம் என்று நினைப்பவர்கள் இந்தக் காட்சியைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். மாஸ்கிஸின் ஊர்க்காரரான நகாஜிமா பாடகராக வந்து சேர்ந்தார். பார்லோ கிட்டார், ஹெலண்ட் பேஸ்.

அவர்கள் வாசித்தது ஹார்ட்கோர். 1970களின் பங்க் இசையை எடுத்து, அதன் வேகத்தை இரண்டு மடங்காக்கி, அலங்காரம் எல்லாவற்றையும் உரித்துப் போட்டால் கிடைப்பது அது. பாட்டு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், சில சமயம் அதற்கும் முன்பே. மெட்டு என்று வாயில் முணுமுணுக்க அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. வாஷிங்டன், லாஸ் ஏஞ்சலஸ், பாஸ்டன் என்று ஊருக்கு ஊர் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் தாங்களே குழு சேர்ந்து, தாங்களே கூடம் பிடித்து, தாங்களே இசைத்தட்டு போட்டுக்கொண்ட காலம் அது. பாஸ்டனிலிருந்து மேற்கே தள்ளியிருக்கும் சிற்றூர்களில் அந்த அலை சற்றுத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. வந்தபோது டீப் வூண்ட் அதை இன்னும் முடுக்கிவிட்டது.

1983இல் ரேடியோபீட் லேபிளில் அவர்களுடைய ஏழு அங்குல இசைத்தட்டு வெளிவந்தது. அந்தச் சின்னத் தட்டில் ஒன்பது பாட்டுகள்! கேட்பவரை முதலில் அறைவது ட்ரம்ஸ்தான். கிட்டாரும் பேஸும் ஒன்றாகக் கலந்து இரைந்துகொண்டிருக்க, மாஸ்கிஸின் கைகள் மட்டும் தெளிவாகக் கேட்கின்றன. வெறும் வேகம் மட்டும் இல்லை. எங்கே நிறுத்துவது, எங்கே ஒரு நொடி தொங்கவிட்டு மறுபடி விழுவது என்ற கணக்கும் அதில் இருக்கிறது. அதே மாநிலத்து சீஜ் குழுவோடு சேர்த்து டீப் வூண்டையும், பின்னால் இங்கிலாந்தில் பிறந்த க்ரைண்ட்கோர் என்ற அசுரவேக இசைக்கு முன்னோடி என்று இசை வரலாற்றுக்காரர்கள் எண்ணுகிறார்கள். அந்த வகையின் முதல் பெரிய ஆல்பமான நேபாம் டெத்தின் ‘ஸ்கம்’ வந்தது 1987இல்தான்.

அந்தத் தட்டில் இன்னொரு சுவாரசியமும் உண்டு. ஒரு பாட்டின் தலைப்பு ‘லூஸ் ஆங்ஸைட்டி சாங்’, அதாவது லூவின் மனக்கலக்கத்தைச் சொல்லும் பாட்டு. பிற்காலத்தில் செபடோ என்ற குழுவில், வீட்டு டேப் ரெக்கார்டரில் பதிந்த நடுங்கும் குரலில் தன் உள்மனத்தைத் திறந்து காட்டிப் பெயர் வாங்கியவர் பார்லோ. அந்த ஆளின் கையெழுத்து பதினேழு வயதிலேயே, காது கிழியும் இரைச்சலுக்கு நடுவே, தலைப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

1984 நடுவில் டீப் வூண்ட் முடிந்தது. வேகத்துக்கு ஒரு எல்லை உண்டு, அதைத் தொட்டாகிவிட்டது. பள்ளிப் படிப்பு முடிந்திருந்த மாஸ்கிஸும் பார்லோவும் அதற்குள் பிளாக் சபாத்தின் கனத்த மந்தகதியையும் நீல் யங்கின் அழுகைக் கிட்டாரையும் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் மாஸ்கிஸுக்குக் கிடைத்த நண்பர் ஜெரார்ட் காஸ்லாய், ட்ரீம் சிண்டிகேட் போன்ற குழுக்களை அறிமுகப்படுத்தினார். படிப்பை விட்டுவிட்டு ஹோம்ஸ்டெட் லேபிளை நடத்தப் போன காஸ்லாய், நீ ரெக்கார்ட் செய்தால் நான் வெளியிடுகிறேன் என்று வாக்கும் கொடுத்திருந்தார். மாஸ்கிஸ் தனியாக உட்கார்ந்து பாட்டுகள் எழுதினார். அவற்றை ட்ரம்ஸுக்குப் பின்னால் இருந்துகொண்டு நடத்த முடியாது. கிட்டாரை எடுத்தார், கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த பார்லோவை பேஸுக்கு மாற்றினார், மர்ஃப் என்பவரை ட்ரம்ஸில் உட்கார வைத்தார். பாட நகாஜிமா. அந்த நால்வரணிக்குப் பெயர் வைக்க, மாஸ்கிஸின் அம்மா வைத்திருந்த காதல் நாவல்களில் ஒன்றின் தலைப்பு உதவியது. அதுதான் மோகோ.

இங்கேதான் இந்தப் பழைய குழுக்களின் முக்கியத்துவம் இருக்கிறது என்று தோன்றுகிறது. ட்ரம்ஸில் ஓங்கி அடித்தால் அடி நம் உடம்பிலேயே விழும். அதற்குப் பழகியவருக்குக் கிட்டார் சவலைப் பிள்ளையாகத் தெரிந்தது. மாஸ்கிஸ் இதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தந்தியைத் தட்டினால் ட்ரம்ஸ் தரும் அதிர்வு வரவேண்டும் என்பதற்காக மார்ஷல் ஆம்ப்களை முதுகுக்குப் பின்னால் மதிலாக அடுக்கினார். காலடியில் பிக் மஃப் பெடல். கிட்டாரிலிருந்து வரும் அலையை அளவுக்கு மீறிப் பெருக்கி அதன் முகடுகளை வெட்டித் தட்டையாக்கும் கருவி அது; விளைவு, நொறுங்கிய, நீண்டு நிற்கும் இரைச்சல். ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் வாங்கப் போனவர், கையில் இருந்த காசுக்கு ஜாஸ்மாஸ்டரோடு திரும்பினார். அன்று அது பெரிய மவுசு இல்லாத மாடல். 2007இல் ஃபெண்டர் கம்பெனி அதே மாடலை அவர் பெயரிலேயே வெளியிட்டது.

அவருடைய சோலோக்கள் ஓடாமல் மோதுவது ஏன் என்பதற்கு டீப் வூண்ட் தட்டில் விடை இருக்கிறது. குரல் சோம்பலாக, இப்போதுதான் தூங்கி எழுந்தவர் போல வரும். அதன் பின்னால் கிட்டார் இடித்துக்கொண்டிருக்கும். காதில் ரத்தம் வரவைக்கும் கன்ட்ரி இசை என்பது அந்தப் புதுக் குழுவுக்கு மாஸ்கிஸ் தந்த விளக்கம். வேடிக்கையாகச் சொன்னாரோ என்னவோ, அதைவிடச் சரியான விவரிப்பை எந்த விமர்சகரும் எழுதியதாகத் தெரியவில்லை.

முதல் ஆல்பம் 1985இல் வந்தது. நார்தாம்ப்டனுக்கு வெளியே காட்டுக்குள் இருந்த ஒரு வீட்டு ஸ்டூடியோவில் 500 டாலரில் பதிவு செய்தது. முதல் ஆண்டில் சுமார் 1,500 பிரதிகள்தான் போயின. அப்போது குழுவின் பெயர் வெறும் டைனோசர். சான் பிரான்சிஸ்கோவில் 1960களின் மூத்த இசைக்காரர்கள் சேர்ந்து ஏற்கெனவே டைனோசர்ஸ் என்ற பெயரில் வாசித்துக்கொண்டிருந்ததால் பின்னால் ஜூனியர் சேர்ந்தது. இரண்டாவது ஆல்பம் ‘யூ ஆர் லிவிங் ஆல் ஓவர் மீ’ 1987இல் எஸ்.எஸ்.டி. லேபிளில் வந்தது. அதை நடத்தியவர் பிளாக் ஃபிளாக்கின் கிட்டார்காரர் கிரெக் கின். ரெக்கார்ட் கடைச் சீட்டில் எழுதியிருந்த பெயரின் சொந்தக்காரரே ஐந்து வருடத்தில் அவர்களுக்குப் பதிப்பாளராகிவிட்டார்.

ட்ரம்ஸ்காரர் மட்டும் உள்ளே உட்கார்ந்துகொண்டே இருந்தார். மர்ஃப் எங்கே என்ன அடிக்க வேண்டும் என்பதை மாஸ்கிஸே சொல்லிக் கொடுத்தார்; இதில் கசப்பு வளர்ந்தது. 1989இல் பார்லோவை வெளியேற்றினார்கள். 1991இல் வந்த ‘கிரீன் மைண்ட்’ ஆல்பத்தில் பெரும்பாலான ட்ரம்ஸ் உட்பட ஏறக்குறைய எல்லாவற்றையும் மாஸ்கிஸ் தானே வாசித்துவிட்டார். அதே ஆண்டு செபடோவின் ஆல்பத்தில் பார்லோ தன் பழைய நண்பரைத் தாக்கி ஒரு பாட்டே போட்டார். மூவரும் மறுபடி ஒன்று சேர 2005 வரை ஆயிற்று.

இனி அந்தப் பழைய தட்டு. அசல் ஏழு அங்குலப் பிரதி இப்போது சேகரிப்பாளர்களின் சரக்கு, விலை சாமானியருக்கு எட்டாது. 2006இல் டீப் வூண்டின் பதிவுகள் ஒரே தொகுப்பாக மறுபடி வந்தன. அதை வாங்கியவர்கள் எல்லோரும் டைனோசர் ஜூனியர் ரசிகர்கள் அல்ல. அந்த இசையே தெரியாத, மெட்டைத் தேடாத, வேகத்துக்காக மட்டுமே கேட்கிற இளசுகளும் இருந்தார்கள். பிரபலமானவரின் பழைய குழு என்பதால் மட்டும் ஒரு தட்டு நிலைக்காது. அப்படிப்பட்ட தட்டுகள் குப்பையாகக் கிடக்கின்றன. டீப் வூண்டை மாஸ்கிஸ் பெயரே தெரியாமலும் கேட்க முடியும் என்பதுதான் அதன் பலம்.

இப்படிப்பட்ட முன்கதை மற்ற ஊர்களிலும் உண்டு. மேரி டிமோனி என்ற கிட்டார்காரரை பாஸ்டனின் ஹீலியம், பின்னால் எக்ஸ் ஹெக்ஸ் வழியாக அறிந்தவர்கள் பலர். அவர் 1990 வாக்கில் வாஷிங்டனில் ஆட்டோக்ளேவ் என்ற பெண்கள் குழுவில் வாசித்தார். அது ஓரிரு வருடம்கூட முழுசாக ஓடவில்லை. கோணல்மாணலான தாளம், பின்னிப் பின்னி ஓடும் இரட்டைக் கிட்டார். அவர்களுடைய கொஞ்சநஞ்சப் பாட்டுகளை 1997இல் டிஸ்கார்ட் லேபிள் ஒரே தொகுப்பாக்கியது. பழைய தட்டுகள் விற்காவிட்டாலும் அச்சிலேயே வைத்திருக்கும் பிடிவாதம் டிஸ்கார்டுக்கு உண்டு. குட்டிக் குழுக்கள் மறக்கப்படாமல் இருப்பதில் ரசிகர்களின் பங்கைவிட இந்தப் பிடிவாதத்தின் பங்கு பெரிது.

டீப் வூண்டின் மற்றவர்களில் ஸ்காட் ஹெலண்ட், அவுட்பேஷண்ட்ஸ் குழுவுக்குப் போய், பின்னால் ஃப்ரெஞ்சி அண்ட் த பங்க் என்ற இருவர் குழுவில் கிட்டார் வாசித்து ஊர் ஊராகப் போனார். மாஸ்கிஸ் 2006இல் விட்ச் என்ற குழுவின் முதல் ஆல்பத்தில் கிட்டாரைத் தொடாமல் ட்ரம்ஸில் உட்கார்ந்தார். பிளாக் சபாத் வழியில் வரும் கனத்த, மெதுவான இசை. அதில் பாடிக் கிட்டார் வாசித்த இளைஞர் கைல் தாமஸ், அதற்குப் பிறகு கிங் டஃப் என்ற பெயரில் தனக்கென ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டார். அந்தக் கூட்டத்துக்கு இப்போது விட்ச்தான், தங்கள் கிட்டார்காரரின் அதிகம் தெரியாத ஆரம்ப காலக் குழு.