மிகுந்த நீர் போகும் வழி

உடப்புசல்லாவைத் தேயிலை மலைகளில், வடகீழ்ப் பருவமழை வலுப்பதற்கு முன்னர் ஒரு வேலை நடைபெறுவதுண்டு. தோட்ட மக்கள் அதனைக் ‘கான் வெட்டு’ என்பர். மலைச்சரிவின் குறுக்கே, ஏறத்தாழச் சமமட்டமாகச் செல்லும் கான்களில் படிந்த வண்டலையும் சருகையும் அள்ளி, அவற்றைப் பழைய ஆழத்துக்குக் கொண்டு வருவதே அவ்வேலை. பார்ப்பவர் கண்ணுக்கு இது வெறும் வடிகாலாகத் தோன்றலாம். ஆனால் உற்று நோக்கினால், கான் ஒரே ஓட்டமாக வெட்டப்படாமல், இடையிடையே மண் தடுப்புகள் விடப்பட்டிருப்பது புலனாகும். மழை பெய்யும்போது ஒவ்வொரு பகுதியும் ஒரு சிறு குளம்போல் நிறைகின்றது. நீர் மெல்ல மண்ணுள் ஊறுகின்றது; வண்டல் அடியில் தங்குகின்றது. அதற்கு மேலும் மழை வந்தால், நீர் தடுப்பின் தலைமேல் வழிந்து அடுத்த பகுதிக்குச் சென்று, ஈற்றில் மலையிறங்கும் பெருங்கானை அடைகின்றது.

இவ்வமைப்பின் முழு இரகசியமும் ஓர் அளவில் அடங்கியுள்ளது. தடுப்பின் தலை, கானின் வெளிக்கரையைவிடத் தாழ்ந்திருத்தல் வேண்டும். இரண்டும் ஒரே உயரமாயின், நிறைந்த நீர் தனக்கு எளிதான இடத்திற் கரையை உடைத்துக்கொண்டு, பல்லாண்டு உரமேறிய மேல்மண்ணையும் இழுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கிவிடும். நீரைத் தேக்குபவர் எவராயினும், அதனை எங்கே தேக்குவது என்பதுடன், மிகுந்தது எவ்வழியாற் போவது என்பதையும் முன்னரே தீர்மானித்தாக வேண்டும். அவர் தீர்மானிக்காவிடின் நீரே தீர்மானித்துக் கொள்ளும்.

மிகைநீர் செல்லும் வழிக்குத் தமிழில் பெயர்கள் பல. இலங்கைத் தமிழர் ‘வான்’ என்பர். குளம் நிறைந்து வழிந்தால் ‘வான் பாய்கிறது’ என்பர். தமிழ்நாட்டில் கலிங்கு என்றும், தென் மாவட்டங்களில் மறுகால் என்றும் வழங்கும். அக்காலத்துச் சென்னை மாகாண ஆங்கிலப் பொறியியலாளர் கலிங்கு என்னும் சொல்லையே சிறிது திரித்துத் தம் நூல்களிற் சேர்த்துக்கொண்டனர். வாய்க்காலுக்கு நீர்விடும் மதகு வேறு, மிகைநீர் போக்கும் கலிங்கு வேறு என்பதை நேயர்கள் மனத்திற் கொள்வது நலம். மதகு மனிதன் விரும்பும்போது திறப்பது. கலிங்கு வெள்ளம் வரும்போது தானே இயங்க வேண்டியது.

மலையகத்து அணைகளை நோக்கினால், இதற்கு ஒரே விடை இல்லை என்பது தெளிவாகும்.

முதலாவது விடை, கதவே இல்லாத திறந்த வான். நோர்வூட்டுக்கு அண்மையில், கெஹெல்கமு ஓயாவை மறித்து நிற்கும் காசல்ரீ அணை இவ்வகையினது. நீர்மட்டம் வானின் தலையைத் தாண்டியதும், வெண்ணிறத் திரைபோல் நீர் தானே வழிந்து இறங்கும். எவரும் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. எவரும் விழித்திருக்க வேண்டியதுமில்லை. வழிந்த நீர் முற்றிலும் வீணாவதுமில்லை. அதே ஆற்றிற் கீழே நோர்ட்டன் பிரிட்ஜ் அணை அதனை மீண்டும் ஏற்றுப் பழைய லக்ஷபான மின்னிலையத்துக்கு அனுப்ப இயலும். அங்கும் இடமில்லாதபோதுதான் அது ஆற்றோடு போய்விடும்.

திறந்த வானுக்கு வியத்தகு குணம் ஒன்றுண்டு. அதன்மேற் பாயும் நீரின் ஆழம் இருமடங்கானால், வெளியேறும் நீர் இருமடங்காவதோடு நிற்பதில்லை; ஏறத்தாழ 2.8 மடங்காகின்றது. நன்கு வளைத்துக் கட்டிய 100 மீற்றர் நீளமான வானின்மீது 1 மீற்றர் ஆழத்துக்கு நீர் சென்றால், செக்கனுக்கு ஏறக்குறைய 200 கன மீற்றர் வெளியேறும். ஆழம் 2 மீற்றரானால் அது 550 கன மீற்றருக்கும் மேலாகும். வெள்ளம் வலுக்க வலுக்க வழியும் தானாகவே அகலமாவதற்கு ஒப்பானது இது. வேறெந்த அமைப்பும் இத்துணை எளிமையாக வெள்ளத்துக்கு ஈடுகொடுப்பதில்லை.

எனின், எல்லா அணைகளுக்கும் இதனையே வைத்தாலென்ன? விலை உண்டு. வானின் தலைக்கும் அணையின் தலைக்கும் இடையே, பெருவெள்ளத்தின் ஆழமும் அலையின் உயரமும் அடங்கக்கூடிய வெற்றிடம் எப்போதும் விடப்படல் வேண்டும். அவ்வளவு உயரத்துக்கு அணை கட்டியும் அவ்விடத்தில் நீரைச் சேமிக்க முடியாது. பொருளாதாரம் அறிந்தவர்க்கு இது உறுத்தலாகவே இருக்கும். உறுத்தல் புதியதுமன்று. தமிழ்நாட்டு ஏரிகளின் கலிங்குகளில் வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருக்கும். மழைக்காலம் முடியும் தறுவாயில், அக்கற்களின் இடைவெளியை மண்ணாலும் வைக்கோலாலும் அடைத்து, இன்னும் ஒரு முழம் நீரைத் தேக்கிக்கொள்வது உழவரின் வழக்கம். உரிய காலத்திற் செய்தால் அது சிக்கனம். பருவம் தப்பிப் பெருமழை வந்தால், அடைப்பை யார் எடுப்பது என்பதே ஊரின் கேள்வியாகிவிடும். மேல்நிலத்துக்காரன் ஒன்று சொல்வான், கரையடியில் வீடுள்ளவன் மற்றொன்று சொல்வான்.

அந்தக் கற்களின் இடைவெளியை இரும்பால் அடைத்தால் கிடைப்பதே வான்கதவு. இது இரண்டாவது விடை. தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை இதற்குத் தக்க சான்று. 2012ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மின்திட்டத்தின் அணை அது. அங்கே நீர்த்தேக்கம் மிகச் சிறிது. கரையிலேயே நகரம் இருக்கின்றது. திறந்த வான் வைத்து வெள்ளத்தில் நீரை உயரவிட்டால், நீர் அங்காடித் தெருவைத் தேடி வரும். ஆதலின் மட்டத்தை உயரவிடாமல், வரும் நீரை வந்தவுடன் கீழே அனுப்பும் கதவுகளே அங்குப் பொருத்தமானவை. சற்றுத் தாழ்வே 1985இல் நிறைவெய்திய கொத்மலை அணையின் நிலை வேறு. அது 87 மீற்றர் உயரமான கற்குவியல் அணை. கொங்கிறீற்று அணையின் தலைமேல் நீர் வழிந்தால் அது பெரும்பாலும் தாங்கி நிற்கும். மண்ணாலோ கல்லாலோ குவித்த அணையின் தலைமேல் நீர் ஏறினால், அரிப்பு தொடங்கிச் சில மணி நேரத்தில் அணையே இல்லாமற் போகலாம். எனவே அங்கே பக்கத்து மலையோரமாகத் தனிப்பாதை அமைத்து, மூன்று பெருங்கதவுகளால் நீரைப் போக்குகின்றனர்.

கதவு நல்ல ஏவலாள்; ஆனால் ஏவுவதற்கு ஒருவர் வேண்டும். நள்ளிரவில் மின்சாரம் அற்றுப்போகலாம். மரத்தடி வந்து சிக்கலாம். பாதை மண்சரிவால் மூடப்பட்டுக் கடமைக்கு வரவேண்டியவர் வராமற் போகலாம். இவற்றினும் அடிப்படையானது, எத்துணை வெள்ளம் வரும் என்ற கணக்கே பிழைத்துவிடக் கூடும் என்பது. குஜராத்தில் மச்சூ ஆற்றின் இரண்டாம் அணை, 1979 ஆகஸ்டு 11ஆம் நாள் அவ்வாறே அழிந்தது. கதவுகள் இருந்தன. ஆயினும் வந்த வெள்ளம், அணைக்கு வகுத்த அளவின் ஏறத்தாழ மூன்று மடங்கு. இருபுறத்து மண்கரைகளின்மீது நீர் ஏறி அவற்றைக் கரைத்தது, கீழிருந்த மோர்வி நகரம் சிறிது நேரத்தில் மூழ்கிற்று, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

கதவினால் விளையும் மற்றோர் இன்னல் கீழாற்றில் இருப்பவருக்கு. திறந்த வானில் வெள்ளம் படிப்படியாக ஏறும். கதவைத் திறந்தாலோ, சில நிமிடங்களில் ஆறு வேறாகிவிடும். துவைகல்லில் துணி அடிப்பவருக்கும் பாறையிடுக்கில் மீன் பிடிப்பவருக்கும் வானம் வெளுத்திருக்கலாம். மழை மேலே எங்கோ பெய்திருக்கும். ஆதலாற்றான் கதவு திறக்கும் முன் சங்கொலி எழுப்பி எச்சரிக்கின்றனர். அவ்வொலி கேட்டபின் ஆற்றோரத்தில் எடுத்து முடிக்கவேண்டிய வேலை எதுவுமில்லை.

மனிதனும் வேண்டாம், வெற்றிடமும் வேண்டாம் என்பாருக்கு மூன்றாவது விடை, சைபன் என்னும் வளைகுழாய். வானின் தலையை ஒரு கூரையால் மூடி, அதனைக் கீழ்நோக்கிய குழாயாக்கினால், நீர் சிறிது உயர்ந்ததும் உள்ளிருக்கும் காற்று வெளியேற்றப்படும். பின்னர் குழாய் முழுதும் நிறைந்து, உறிஞ்சும் விசையோடு நீர் பாயும். மைசூரைச் சேர்ந்த பொறியியலாளர் கணேச ஐயர் இதில் ஒரு புதுமை செய்தார். புனல் போன்ற வாயின்மேல் குவிமாடம் கவித்து, நீரைச் சுழலச் செய்யும் திருகு வரிகளை உள்ளே அமைத்து, அச்சுழற்சியினாலேயே காற்றை விரைந்து வெளியேற்றினார். சராவதி ஆற்றின் ஹிரேபாஸ்கர அணையில் அவை நிறுவப்பட்டன. பின்னாளில் லிங்கனமக்கி அணை அவ்விடத்தை மூழ்கடித்துவிட்டது. கோடையில் நீர் வற்றுங்கால், அந்தக் குவிமாடங்கள் இன்றும் தலைகாட்டுவதுண்டு.

சைபனுக்கு மலையில் ஒரு குறையுண்டு. அதனை இயக்குவது காற்றழுத்தம். கடல்மட்டத்தில் காற்று தாங்கக்கூடிய நீரின் உயரம் சுமார் 10.3 மீற்றர். 1,500 மீற்றர் உயரத்தில் அது 8.6 மீற்றரளவே. ஏறுந்தோறும் சைபனின் வலு குறையும். அன்றியும் அது நிறைந்தபின் மேலும் வளர்வதில்லை. திறந்த வான் வெள்ளத்தோடு பெருகுவதுபோல் சைபன் பெருகாது. தனியாக அதனை நம்புதல் தகாது.

இவ்வுண்மையை அணை கட்டுவோரைப் போலவே, கடல்மீன்களைப் பெருங்கண்ணாடித் தொட்டிகளில் வளர்ப்போரும் கற்றுக்கொண்டனர். அத்தொட்டியின் மேற்பரப்பு நீர், படிந்த எண்ணெய்ப் படலத்தோடு, சீப்புப் பல் போன்ற வான்மீது வழிந்து ஒரு சிறு பெட்டியில் விழும். அங்கிருந்து குழாய்வழியே கீழ்த்தொட்டிக்கு இறங்கித் தூய்மையடைந்து, பம்பினால் மேலே ஏறும். ஒரே குழாய் வைத்தால் காற்றும் நீரும் கலந்து இரவெல்லாம் களகளவென்று ஒலிக்கும். ஒரு நத்தை வாயை அடைத்தாலோ உப்புநீர் வீட்டுத் தரையெங்கும் பரவும். ஆகவே தேர்ந்தவர்கள் மூன்று குழாய்கள் வைப்பர். முதலாவது, அடைப்பானால் அளவு திருத்திய சைபன். பெரும்பகுதி நீரை ஓசையின்றிக் கொண்டு செல்லும். இரண்டாவது, திறந்த குழாய். மிஞ்சும் சிறு ஒழுக்கை ஏற்கும். மூன்றாவதன் வாய் சற்று உயர்ந்து, என்றும் உலர்ந்தே நிற்கும். பல்லாண்டு பயன்படாத அக்குழாய்க்குச் செலவிட்ட காசு, முதற்குழாய் அடைபடும் ஓர் இரவுக்காக. மின்சாரம் நின்றால் மேற்றொட்டி நீர் வானின் மட்டம்வரை வடியுமாதலின், அதனை ஏற்கும் அளவுக்குக் கீழ்த்தொட்டியையும் வெறுமையாக விட்டிருப்பர்.

உலர்ந்து நிற்கும் அந்தக் குழாய் பேரணைகளிலும் வேறு வேறு உருவில் உண்டு. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையில் எட்டு வான்கதவுகள் உள்ளன. எதிர்ப்பாரம் கட்டிச் சமன்செய்த அவை, நீர்மட்டம் வரம்பு கடந்ததும் நீரின் அழுத்தத்தினாலேயே திறந்துகொள்ளும். மட்டம் தாழ்ந்ததும் மூடிக்கொள்ளும். மின்சாரம் வேண்டியதில்லை. கதவின் சேமிப்பையும் திறந்த வானின் தன்னியக்கத்தையும் ஒருசேரப் பெறும் முயற்சி இது. மலைநாட்டு அணைகளுள் மிகச் சிறந்த விடை எனவும் கூறலாம். ஆனால் அத்துணைப் பெருஞ்செலவு எல்லா ஆற்றுக்கும் ஆகாது. இடமும் நிலமும் அனுமதிக்குமாயின் திறந்த வானே முதல் தெரிவாதல் தக்கது. அனுமதியாத இடத்தில் கதவு வைப்போர், கதவோடு காவலையும், எச்சரிக்கையையும், மாற்று மின்னியந்திரத்தையும் சேர்த்தே விலை பேசுதல் வேண்டும்.

எதனைத் தெரிந்தாலும் பராமரிப்பு நீங்காது. 1957 டிசம்பர் வெள்ளத்தில் நாச்சாதுவைக் குளம் உட்பட உலர்வலயக் குளங்கள் பல உடைந்தன. ஆற்றுவாழை படர்ந்தால் வானும் அடைபடும். துருவேறினால் கதவும் அசையாது. உடப்புசல்லாவை மலைகளில் விழும் மழை, ஓடைகளாக இறங்கி மகாவலியைச் சேர்கின்றது. ரந்தெனிகல, ரந்தம்பே அணைகள் அங்கே அதற்குக் காத்திருக்கின்றன. மேலே சரிவிற் கானின் தடுப்புத் தலையில் படிந்த வண்டலை மண்வெட்டியால் வழித்து, கரையைவிட அதனைத் தாழ்த்தி வைக்கும் தொழிலாளிக்கு, அன்றைய செக்றோலில் ஒரு பேர் விழும்.